கூப்பிடாத குழி

கத்தானியாவில் மூன்றாம் நாளாக எரிமலைச் சாம்பல்.
குடை பிடித்துப் பேருந்துக்கு நிற்கிறார்கள்,
மழைக்கல்ல.
ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகியும்
மேசைமேல் விரலால் எழுதலாம்போல் கறுப்பு.
நெல்லோ அதில் நேற்றைய ஆட்டத்தின் கோல் கணக்கை எழுதுகிறான்.
நான் துடைக்கிறேன்.

முந்தாநாள் மாலை அவற்றைப் பட்டினி போட்டேன்.
சீரம் கலக்காத திரவம், ஒரு முழு இரவு.
நாற்பத்தொன்று என்ற எண் மட்டுமே எனக்குத் தெரியும்.
யாரோ ஒருவரின் கழுத்திலிருந்து வந்தவை,
பட்டாம்பூச்சி என்று பாடநூல் கொஞ்சும் சுரப்பியிலிருந்து.
மீன் சந்தையில் விலை கூவிய கழுத்தோ,
வகுப்பில் வருகைப்பதிவு வாசித்த கழுத்தோ.
கேட்கக் கூடாது.
கேட்டதில்லை.

நேற்றுக் காலை மேலறையில் குடியமர்த்தினேன்.
காலடியில் ஜெல்,
அதற்கடியில் எட்டு மைக்ரான் துளைகளோடு ஒரு சவ்வு,
அதற்கும் கீழே கீழறை.
வாசனையை அங்கேதான் வைப்போம்.
முதல் வரிசைக் குழிகளில் ஒரு வளர்ச்சிக் காரணி,
இரண்டாவதில் வேறொன்று,
மூன்றாவதில் இரண்டும்.
நான்காவதில் வெறும் திரவம்.

செல்லின் மேலுள்ள ஏற்பி ஒரு காது,
காரணி ஒரு சொல் என்று
மாணவர்களுக்கு விளக்குவார் டாக்டர் ஸ்கூதெரி.
எனக்கென்னவோ அது
எதிர்வீட்டில் வெங்காயம் வதங்கும் நேரம்.
பாதி வரியில் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு
எழுந்துவிடுகிறான் ஒருவன்.
பக்கத்திலிருந்தவர் பிடித்த கையை உதறுகிறான்.
கதவைத் தட்டுவதில்லை;
சுவரைக் கரைக்கும் நொதியைக் கசிந்தபடி
ஒரு காலை முன்னே நீட்டி
உடம்பை ஒடுக்கி
நுழைகிறான்.

இன்குபேட்டரை மூடும்போதுதான் கவனித்தேன்,
சனிக்கிழமை கண்ணாடிச் சில்லு கிழித்த கட்டைவிரலை.
கூடிவிட்டது புண்.
இளஞ்சிவப்பாய் ஒரு கோடு, அவ்வளவுதான்.
அதே காரணிகளின் வேலை.
பிப்பெட்டில் எடுத்து நான் சொட்டு சொட்டாய் விட்டதை
என் தோலுக்கடியிலும் யாரோ விட்டிருக்கிறார்கள்:
கையை விடு, நகர், இடைவெளியை அடை,
போதும், நில்.
அந்தக் கடைசிச் சொல்
நாற்பத்தொன்றுக்குக் கேட்கவில்லை.
அல்லது கேட்டது,
அதன்மேலேயே கால்வைத்து ஏறிப் போயிற்று.

இருபத்திரண்டு மணி நேரம்.
பஞ்சுக்குச்சியால் மேற்புறத்தைத் துடைத்தேன்.
போகாதவை போயின.
அடிப்புறத்தை ஊதாச் சாயத்தில் முக்கி
எண்ண உட்கார்ந்தேன்.
முதல் வரிசையில் நூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாவதில் அறுபத்து நான்கு.
மூன்றாவது,
பிப்ரவரியில் புனித அகதாவின் தேர் திரும்பும் முனை.
தோளும் தோளும் ஒட்டி, யாருடைய கால் யாருடையதென்று தெரியாமல்.
நான்கு முறை எண்ணி நான்கு விடை.

பிறகு நான்காம் வரிசை.
யாரும் கூப்பிடாத குழி.
ஒன்றும் இருக்காது, காப்பி குடிக்கலாம் என்று எழுந்தவள்
மறுபடி உட்கார்ந்தேன்.
ஏழு.
ஒன்றையொன்று பாராமல்
ஊதா நிறத்தில் ஏழு.
துளைக்குள் பாதி உடம்போடு நிற்கும் எட்டாவதை
எண்ணலாமா என்று செய்முறைத் தாளில் இல்லை.

"பின்னணிக் கணக்குதானே வெனேரா, கழித்துவிடு"
என்கிறான் நெல்லோ.
கழிக்கத்தான் வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டில் ஏழு போனால் நூற்றைந்து.
காரணியைத் தாமே சுரந்து
தம் குரலையே அழைப்பென்று நம்பிக் கிளம்பும் செல்களும் உண்டாம்.
இருக்கலாம்.
அவற்றுக்குத் தனியாக ஒரு சோதனை வைக்க வேண்டும்,
அதற்குத் தனியாகப் பணம் கேட்க வேண்டும்.
கழிப்பதற்கு முன்
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்:
ஏழு. அரை.

போகும்போது
ஜன்னல் இடுக்குத் துணியை உருவிப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
உள்பக்கமும் கறுப்பு.